விளாவ ஒரு ஆள்

மனைவி: இந்தப் பழைய வெந்நீர் பாய்லரையே ஓட்டையைப் பத்த வச்சுக் குடுத்துடுங்களேன் தம்பி…

குழாய்க்காரர்: அடியெல்லாம் துரு தின்னுடுச்சுக்கா. பத்த வைக்க அதுல இரும்பே இல்ல. கரண்ட்டு ஹீட்டர் வேண்டாம்னுட்டீங்க. கேஸ்ல ஓடுறது போடவா? குழாயைத் திறந்தா கொதிக்கக் கொதிக்க வரும்.

மனைவி: கேஸ்னா எனக்குப் பயம்.

கணவன்: தினம் கேஸ் அடுப்புலதானே சமைக்கிறே?

மனைவி: அடுப்பு நான் சொல்றதைக் கேக்கும். நீங்க குறுக்க பேசாதீங்க.

குழாய்க்காரர்: சோலார்? மாடியில வச்சுட்டா செலவே இல்ல. வெயில் பாத்துக்கும்.

மனைவி: மழைக்காலத்துல?

குழாய்க்காரர்: …அப்ப கொஞ்சம் கரண்ட்டு இழுக்கும்.

மனைவி: செலவே இல்லன்னீங்க.

கணவன்: என்னைக் கட்டிக்கிறப்பகூட இவ இவ்வளவு கேள்வி கேக்கல தம்பி.

மனைவி: கேட்டிருக்கணும்.

குழாய்க்காரர்: வீட்டையும் சேர்த்துச் சூடாக்குற பாய்லர் ஒண்ணு இருக்கு. அதே வெந்நீர் சுவரோரக் குழாயில சுத்தி வரும். அறையெல்லாம் கதகதன்னு…

மனைவி: கதகதன்னு இருந்தா காலையில இந்த மனுஷனைப் போர்வைக்குள்ள இருந்து யாரு கிளப்புறது?

கணவன்: போன்ல ஒண்ணு சொன்னீங்களே, அதைச் சொல்லுங்க.

குழாய்க்காரர்: அதுவா… எவ்வளவு சூடு வேணும்னு ஒரு தடவை நம்பர் வச்சா போதும்ணே. பச்சத்தண்ணி ஊத்தி விளாவுற வேலையே இல்ல. வரும்போதே பதமா வரும்.

கணவன்: அதையே மாட்டுங்க.

மனைவி: அது மட்டும் வேண்டவே வேண்டாம்.

கணவன்: ஏன்?

மனைவி: …வெள்ளைக் கலரு. அழுக்காகும்.

குழாய்க்காரர்: சாம்பல் கலர்லயும் இருக்குக்கா.

மனைவி: உங்களுக்கு வேற வீட்டுல வேலை இல்லையா தம்பி?

கணவன்: இவளுக்குத் தோள்பட்டை பிசகினதுல இருந்து வாளி தூக்க முடியாது. இந்தப் பாய்லர்ல தண்ணி கொதிச்சுக்கிட்டு வரும். வேலைவிட்டு வந்து நான்தான் தினம் விளாவி வைக்கிறேன்.

குழாய்க்காரர்: தோள்பட்டையா? இப்ப எனக்கு வழி விட, தண்ணி டிரம்மை ஒத்தைக் கையால நகர்த்தினாங்களே… சரி, நான் போய்… வண்டியில இருந்து ஸ்பேனர் எடுத்துட்டு வரேன்.

கணவன்: எப்ப சரியாச்சு?

மனைவி: போன மழைக்கு முன்னாடியே.

கணவன்: சொல்லவேயில்ல?

மனைவி: சொன்னா நிறுத்திடுவீங்க.

கணவன்: நிறுத்தினா உனக்கென்ன? தினம் குறைதானே சொல்றே. கொதிக்குதும்பே, கலந்தா ஆறிப்போச்சும்பே. என் கைப்பக்குவம் சலிச்சுப்போச்சு, மிஷினாவது உனக்குப் பிடிக்கட்டும்னுதான் இந்தத் தம்பியைக் கூப்பிட்டேன்.

மனைவி: குறை சொன்னாத்தானே திரும்பி வருவீங்க. வாளியை வச்சுட்டு, கதவுக்கு வெளிய நின்னு, மூட்டை தூக்குற இடத்துல எவன் என்ன சொன்னான், மேஸ்திரி எப்படி வழுக்கி விழுந்தான்னு… அப்பதானே என்கிட்ட பேசுறீங்க. சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்தா தூங்கி விழுறீங்க.

குழாய்க்காரர்: அண்ணே, உள்ள வரலாமா? எதை மாட்டட்டும்?

கணவன்: கொதிக்கக் கொதிக்க வரும்னீங்களே, அந்தக் கேஸ்.

குழாய்க்காரர்: அக்காவுக்குத்தான் கேஸ்னா…

மனைவி: பயம் போயிடுச்சு, மாட்டுங்க. ஆனா இவருக்கு விளாவத் தெரியாது தம்பி. இத்தனை நாள்ல ஒரு தடவைகூட முதல் வாளி பதமா வந்ததில்ல.

கணவன்: முதல் வாளியையே பதமா விளாவிட்டா, மறுபடி வந்து கதவைத் தட்ட எனக்கு என்ன சாக்கு இருக்கு?