தாடிக்கு மேல போடுற மாஸ்க்

இத எழுத வேணாம்னுதான் இருந்தேன், அவ்வளவு சோம்பேறித்தனம். கோவில்பத்துல மெடிக்கல் ஷாப்புல நிக்கிறேன். எனக்கு முன்னாடி ஒரு பெரியவரு. தாடி, சட்டையோட ரெண்டாவது பட்டன் வரைக்கும் தொங்குது.

"தாடிக்கு மேல போடுற மாதிரி மாஸ்க் இருக்காம்மா?"

கடைக்கார அக்கா சிரிச்சிட்டாங்க. "எதுக்கு அங்கிள்?"

"மழைத்தண்ணி எறங்கி ஒரு ரூம்ல செவுரு பூரா பூசணம். சுரண்டுனா இருமல் புடிச்சுக்குது. துண்டு கட்டிப் பாத்தேன், கேக்கல."

"துண்டெல்லாம் பத்தாது, என்-95 தான் போடணும். அது மூஞ்சியோட ஒட்டி நிக்கணும். தாடி இருந்தா ஓரமா தூசி உள்ள போயிடும். எடுத்துடுங்களேன்."

"அது ஆவாது. பையன் பாரிஸ்லேர்ந்து வந்ததும் வேளாங்கண்ணில எடுக்குறேன்னு மாதாவுக்கு வேண்டியிருக்கேன். பூசணம் புடிச்சதே அவன் ரூமுதான்."

"எப்ப வர்றாங்க?"

"இந்த வருசமும் முடியாதுன்னுட்டான்."

"அப்ப வேற யாரையாச்சும் சுரண்டச் சொல்லுங்க."

"வீட்ல நான் மட்டுந்தாம்மா."

"சரி, ரூம பூட்டியாச்சும் வைங்க."

"பூட்டி வெச்சுத்தாம்மா பூசணமே வந்துச்சு."

மாஸ்க் வாங்காமலே சைக்கிள எடுத்துட்டு கெளம்பிட்டாரு.

தாடிக்கு மாஸ்க் கேட்ட கதைன்னு சிரிப்பு பொம்மையெல்லாம் போட்டு கூட்டாளிக்கு வாட்ஸப்புல அனுப்புனேன். ஒரே வரி பதில் வந்துச்சு:

"உனக்குத்தான் இன்னும் தாடியே மொளைக்கலையேடா, ஒரு மாஸ்க் வாங்கிட்டு நீ போய் சுரண்டிக் குடு."