அமெரிக்கக் கோர்ட்டும் கோவளத்து வார்டும்

“அமெரிக்கால பொறந்திருந்தா நான் இந்நேரம் வார்டு மெம்பர், மச்சான்.”

செங்கல்பட்டு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுக்காரர் சொன்னார். கோவளத்து வார்டு தேர்தலில் தோற்று, வழக்குப் போடக் கோர்ட்டுக்குப் போகிறார். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி.

“இன்னா மாமா சொல்ற?”

“அங்க ஜனாதிபதி எலெக்சன்ல திரும்ப வோட்டு எண்ணிகினு இருந்தாங்கோ. பெரிய கோர்ட்டு, ‘எண்ணுனது போதும், நிறுத்து’ன்னுச்சு. மொதல்ல ஜெயிச்சவனே ஜனாதிபதி.”

“அத்த செங்கல்பட்டு ஜட்ஜு கேப்பாரா?”

“பெரிய கோர்ட்டு சொன்னா சின்ன கோர்ட்டு கேட்டுதான் ஆவணும்.”

“சரி, மொத தபா எண்ணுனப்ப நீதான ஜெயிச்ச? திரும்ப எண்ணச் சொன்னது யாரு?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான்தான். தெருவே எனக்குத்தான் போட்டதா சத்தியம் பண்ணுச்சு. மூணு வோட்டுல ஜெயிச்சா மானம் போவாது?”