கையில இருந்த ஒரு பீஸ்

ஷரீபா: …அந்த மூட்டையெல்லாம் அங்கயே கெடந்தா மனுசன் எங்கீங்க போய்ப் பூருவான்?

பாரூக்: எந்த மூட்டைங்க?

ஷரீபா: கட்டிங் டேபிளுக்கு அடியில பாருங்க. வேஸ்ட் துணியா அடைச்சு வெச்சிருக்கறீங்க. செவுத்துல என்னடான்னா, 'நெலம் ஆடுனா மேசைக்கடியில பூந்துக்கோணும்'னு சாக்பீஸ்ல பெருசா எழுதியிருக்குது. பூனைகூடப் பூர முடியாது.

பாரூக்: அட, ஆமா… சீனி, இங்க வா.

சீனிச்சாமி: வாரேன் வே. யாரு அது… ஏ, நம்ம ஷரீபாவா? மண்ணரையில ஹிதாயத்துல்லா கம்பெனியில இவருக்குக் கைமடியா இருந்த புள்ளதான?

ஷரீபா: நானேதானுங்க சீனியண்ணா. இவரு தெச்சாரு, நான் துணி மடிச்சுக் குடுத்தேன். நீங்க பக்கத்து மிசின்ல பாட்டுப் பாடுனீங்க.

சீனிச்சாமி: பாட்டா? தையலும்தான் அடிச்சேன். பாத்து அஞ்சாறு வருசம் இருக்கும்லா? இந்த வீரபாண்டி வரைக்கும் எதுக்கு வந்தே… வேலை கேட்டா?

ஷரீபா: இல்லீங்க. ஒரு வார்த்தை கேக்க வந்தேன்.

பாரூக்: சீனி, அந்த மூட்டையை எடுத்துக் கீழ குடோன்ல போடு. சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் மணியடிச்சுப் பழக்கோணும்.

சீனிச்சாமி: இமயமலைப் பக்கம் எங்கயோ ஆடுச்சின்னு பேப்பர்ல போட்டாலும் போட்டான், நம்ம புளோர் இன்சார்ஜு பாரூக்கு ரெண்டு நாளா ஒரே பாடம். அங்க ஆடுனதுக்கு இங்க நான் மூட்டை தூக்குதேன்.

பாரூக்: லாத்தூர்ல ஆடி ஊரே மண்ணாப் போறதுக்கு முந்தி அங்கிருந்தவங்களும் இப்படித்தான் பேசியிருப்பாங்க. தூக்கு.

சீனிச்சாமி: தூக்குதேன்… தூக்குதேன்.

ஷரீபா: …போயிட்டாருங்களா?

பாரூக்: படி எறங்கிட்டான். உக்காருங்க.

ஷரீபா: என்னங்க புதுசா நீங்க-நாங்கன்னு? அப்பெல்லாம் 'ஏம்புள்ள, அந்த பண்டலை எடு'ம்பீங்க.

பாரூக்: அது… அப்ப.

ஷரீபா: நேத்து உங்கம்மா எங்க ஊட்டுக்கு வந்தாங்க.

பாரூக்: தெரியுமுங்க.

ஷரீபா: பொண்ணு கேட்டாங்க. நீங்க சொல்லித்தான் வந்தாங்களா?

பாரூக்: ம்.

ஷரீபா: இன்னைக்குச் சாயங்காலம், பொழுதோட பதில் கேட்டு மறுபடியும் வர்றாங்க. அத்தா சரின்னு சொல்றதுக்குத் துடிச்சிட்டு இருக்கறாரு. நான்தான் இருங்கன்னு சொல்லிட்டு, ரெண்டு பஸ்ஸு மாறி இங்க வந்திருக்கறேன்.

பாரூக்: என்ன கேக்கோணும்?

ஷரீபா: என்ற காலு உங்களுக்குத் தெரியும். மூணு வயசுல வந்த காய்ச்சல், போகையில இந்தக் காலையும் கையோட கொண்டுட்டுப் போயிருச்சு. இதுவரைக்கும் நாலு பேரு வந்து பாத்தாங்க. நடந்து காட்டச் சொன்னாங்க. டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டாங்க. அதுக்கெல்லாம் நான் அழுகலீங்க. ஆனா அஞ்சாவதா ஒருத்தரு, 'பாவம், நானாச்சும் கட்டிக்கறேன்'னு வந்தா… அது எனக்கு வேண்டாமுங்க.

பாரூக்: அப்படின்னு யாரு சொன்னது?

ஷரீபா: யாரும் சொல்லலை. அதனாலதான் கேக்கறேன். பாவப்பட்டுக் கேக்கறீங்களா?

பாரூக்: எனக்கு அப்படியெல்லாம் பேசத் தெரியாதுங்க. மிசின் சத்தத்துலயே வளந்தவன்.

ஷரீபா: சரி, வேற ஒண்ணு கேக்கறேன். லாத்தூர் ஆடுன வருசம், நம்ம கம்பெனியில மணியடிச்சுப் பழக்குனாங்களே, நாபகம் இருக்குதுங்களா?

பாரூக்: அதெங்க மறக்கறது? தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவுட்டு, முதலாளி தன் கையாலயே அடிச்சாரு.

ஷரீபா: பம்பாய் ஏஜெண்ட் சொல்லிக் குடுத்தாருன்னு, சின்னப் பையனாட்டம் அத்தனை ஆசையா வந்து நின்னாரு. 'ஆட்டம் வந்தா ஓடக்கூடாது. மெயினை அணை. டியூப்லைட்டுக்கு அடியில நிக்காத. ஜன்னல் பக்கம் போகாத. தலையை மூடிக்கிட்டு மேசைக்கடியில பூந்துக்க…'

பாரூக்: 'ஆட்டம் நின்னதுக்கப்புறம் வரிசையாப் படி எறங்கு. கரண்டுக் கம்பி இல்லாத வெட்டவெளிக் காட்டுல போயி நில்லு. டெய்லருக்குக் கைமடி பொறுப்பு, கைமடிக்கு டெய்லரு பொறுப்பு.'

ஷரீபா: மொதல் தடவை மணியடிச்சப்ப ஒருத்தரும் அசையலை.

பாரூக்: பீஸ் ரேட்டுக்குத் தெக்கறவன் எப்படி எந்திரிப்பான்? 'முதலாளி, கையில இருக்கற பீஸை முடிச்சுட்டு வர்றனுங்க'ன்னு நாப்பது மிசின்லயும் ஒரே பதில்.

ஷரீபா: அவரு தலையில கை வெச்சு உக்காந்துட்டாரு. 'அடேய், கூரை உன்ற பீஸ் முடிஞ்சுதான்னு கேட்டுட்டா உளுகும்?' எனக்கு அன்னைக்குச் சிரிச்சுச் சிரிச்சு வவுறு வலிச்சுருச்சு.

பாரூக்: நல்ல மனுசன். இப்ப அந்த எடத்துல மூணு மாடி எந்திரிச்சுருச்சு. அந்தப் பக்கம் போனா எனக்கு மனசே ஆகறதில்லை.

ஷரீபா: எனக்குந்தானுங்க. அந்த ஓட்டை ஜன்னலு, மழை பேஞ்சா ஒழுகற ஆஸ்பெஸ்டாஸ் கூரை… அதுக்குக் கீழதான் நான் நல்லா இருந்தேன்.

சீனிச்சாமி: என்ன, பழைய கம்பெனிக் கதையா? என்னைய வுட்டுட்டா? அந்த வெடி கதையைச் சொன்னீயளா இல்லியா?

பாரூக்: மூட்டையெல்லாம் போட்டாச்சா?

சீனிச்சாமி: பாதி போட்டாச்சி. இரும், மூச்சு வாங்கட்டும். ஷரீபா, அன்னைக்கு எப்படி ஆடுச்சி… டியூப்லைட்டெல்லாம் ஊஞ்சலா ஆடுச்சி, கூரை கடகடன்னு அடிச்சிது. எவனோ 'லாத்தூரு வந்துட்டு'ன்னு கத்துனான். அவ்வளவுதான்.

ஷரீபா: படிச்ச பாடமெல்லாம் காத்துல போச்சு. ஒருத்தர்கூட மேசைக்கடியில பூரலை. அத்தனை பேரும் படியைப் பாத்துத்தான் ஓடுனாங்க.

சீனிச்சாமி: படியில பெட்டியா அடுக்கியிருந்திச்சி. செல்லத்தாய் அக்கா உளுந்து முன்பல்லு போயிட்டு. கீழ போனா கேட்டைப் பூட்டிட்டு வாச்சுமேன் டீ குடிக்கப் போயிருக்கான்.

ஷரீபா: நிசமாவே நெலம் ஆடியிருந்தா, அந்தப் படியிலயே பாதிப் பேரு போயிருப்பாங்க.

பாரூக்: அதனாலதான் இங்க படியில ஒரு பெட்டி வெக்க உடறதில்லை. சிப்டு நேரத்துல கேட்டுக்குப் பூட்டும் கெடையாது. சரி, அன்னைக்கு மெயினை அணைக்கறது யாரு வேலைன்னு சொல்லு சீனி.

சீனிச்சாமி: என் வேலைதான்.

பாரூக்: மொதல்ல ஓடுனது யாரு?

சீனிச்சாமி: நாந்தான்… அதை வுடும் வே. கீழ போயி தலையை எண்ணுனா ரெண்டு தலை கொறையுது. முதலாளி மேல ஓடுதாரு, பின்னாலயே நானும் ஓடுதேன். பாத்தா இந்த மகராசன் உக்காந்து மிசினை ஓட்டிட்டு இருக்காரு. பக்கத்துல நீ உக்காந்திருக்கே. 'ஏண்டா பாரூக், உசுரு வேண்டாமா?'ன்னு முதலாளி கேட்டா, 'கையில ஒரு பீஸ் இருந்துச்சுங்க'ன்னு சொல்லுதாரு.

ஷரீபா: அன்னையில இருந்துதான 'கடைசிபீஸ் பாரூக்'னு பேரு வந்துச்சு.

சீனிச்சாமி: கல்யாணப் பத்திரிக்கையிலகூட அப்படித்தான் போடணும்னு சொல்லியிருக்கேன்.

பாரூக்: கூரை உளுகலீல்ல? பக்கத்துத் தோட்டத்துல கெணத்துக்கு வெடி வெச்சிருக்கறாங்கன்னு அப்புறம்தான தெரிஞ்சுது? உனக்கு என்ன கொறைஞ்சு போச்சு? போயி மிச்ச மூட்டையைத் தூக்கு.

சீனிச்சாமி: போறேன் வே. உண்மையச் சொன்னா ஒடம்பு எரியுது.

ஷரீபா: …மறுபடியும் போயிட்டாரு.

பாரூக்: ம்.

ஷரீபா: கடைசிபீஸ்னு ஊரே கேலி பண்ணுச்சு. நீங்க ஒரு நாளும் மறுத்துப் பேசலை.

பாரூக்: பேசி என்ன ஆவுது? பீஸை முடிக்காம எந்திரிக்கற பழக்கமில்லைன்னு நெனச்சுட்டுப் போறாங்க.

ஷரீபா: பீஸுக்காகத்தான் உக்காந்திருந்தீங்களா?

பாரூக்: ஆமாங்க. காலரு பாதியில நின்னுச்சு.

ஷரீபா: அந்த பீஸ் எங்க?

பாரூக்: இத்தனை வருசம் கழிச்சுக் கேட்டா…

ஷரீபா: நான் உங்க கைமடிங்க. உங்க மிசின்ல எப்ப நூல் இருந்துச்சு, எப்ப இல்லைன்னு எனக்குத் தெரியாதுங்களா? நூல்கோன் தீந்து போச்சுன்னு மாத்தறதுக்குக் கழட்டி என்ற மடியில வெச்சிருந்தேன். அப்பத்தான் ஆடுச்சு. நூலே இல்லாத மிசின்ல கால் மணி நேரம் தெச்சுட்டு இருந்தீங்க. துணி பூரா வெறும் ஊசித் தொளை.

பாரூக்: அப்பவே தெரியுமா?

ஷரீபா: அப்பவே தெரியும். இப்ப சொல்லுங்க. என்ற காலைப் பாத்துப் பாவப்பட்டா உக்காந்தீங்க?

பாரூக்: பாவப்பட்டிருந்தா நாலு பேரைக் கூப்புட்டுத் தூக்கியுட்டிருப்பேன். இல்லாட்டிப் போனா, போறப்ப ஒரு சத்தம் குடுத்துட்டு எறங்கியிருப்பேன்.

ஷரீபா: அப்பறம்?

பாரூக்: எல்லாரும் ஓடறாங்க. நானும் எந்திரிச்சேன். திரும்பிப் பாத்தா நீ எந்திரிக்கலை. மேசைக்கடியில வான்னு கூப்படலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆளில்லாத மாடியில ஒரு புள்ளையை அப்படிக் கூப்புட்டா, நாளைக்கு உசுரோட எந்திரிச்சாலும் ஊரு உன்னைய உடாது. அதுதான் உக்காந்துட்டேன்.

ஷரீபா: நீங்க எறங்கிப் போயிருக்கலாமில்லீங்க?

பாரூக்: போயி? நான் மட்டும் அந்தக் காட்டுல போயி நின்னு என்ன பண்றது? இதைத்தான் எங்கம்மாகிட்டயும் சொன்னேன். வேற எதுவும் சொல்லலை.

ஷரீபா: இதைச் சொல்றதுக்கா அஞ்சாறு வருசம்?

பாரூக்: கம்பெனி மூடுனதுக்கப்பறம் நீங்க எங்க போனீங்கன்னு தெரியலை. தெரிஞ்சப்ப, நாலு பேரு பாத்துட்டுப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க. அந்த நாலு பேரையும் நெனச்சா இன்னும் எனக்குக் கோவமா வருது.

ஷரீபா: எனக்கு இப்ப வரலை.

பாரூக்: நான் ஒண்ணு கேக்கலாமா?

ஷரீபா: கேளுங்க.

பாரூக்: இங்க பாதிக்குப் பாதி பொம்பளப் புள்ளைங்க. ஆட்டம் வந்தா யாரும் யாரையும் தூக்கிக்கிட்டு ஓட வேண்டாம். முடியாதவங்க பக்கத்துல இருக்கற மேசைக்கடியில தலையை மூடிக்கிட்டு அப்படியே இருந்துக்கட்டும், கூட ஒருத்தரு இருக்கட்டும்னு சொல்லி வெச்சிருக்கறேன். ஆம்பள பொம்பளன்னு பாக்க வேண்டாம், யாரும் தப்பாப் பேசக்கூடாதுன்னும் சொல்லியிருக்கறேன். அது சரிதானே?

ஷரீபா: ரொம்பச் சரிங்க. அதையும் அந்தச் செவுத்துல எழுதிப் போடுங்க.

பாரூக்: அதுக்குத்தான் கேக்கறேன். அன்னைக்கு உனக்கு என்ன ஆச்சு? காலு மரத்துப் போச்சா? பயத்துல எந்திரிக்க முடியலையா? உன்ற முகத்துல பயமே இல்லை. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அது வெளங்கலை.

ஷரீபா: எந்திரிக்க முடியாம இல்லீங்க… அந்தத் தோட்டத்துக் கெணத்துக்கு வெடி வெச்சதே என்ற மாமாதானுங்க. பாறை தொளைக்கற கம்ப்ரசர் வண்டி வெச்சிருக்கறாரு. 'மத்தியானத்துக்குள்ள வெடி இருக்குது கண்ணு, கட்டடம் அதிரும், பயந்துக்காத'ன்னு காலையிலயே சொல்லிட்டுத்தான் போனாரு. எல்லார்கிட்டயும் சொல்லலாம்னு வாயைத் தொறக்கறதுக்குள்ள அத்தனை பேரும் படியில இருந்தாங்க. நீங்க ஒருத்தருதான் இருந்தீங்க. உங்ககிட்டச் சொல்லியிருக்கலாம்… சொல்லத் தோணலீங்க. கூரை உளுகப் போவுதுன்னு நெனச்சுக்கிட்டு, நூலில்லாத மிசினை ஓட்டிக்கிட்டு எம்பக்கத்துல ஒருத்தரு உக்காந்திருக்கறாரு. அதை இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கோணும்னு இருந்துச்சு. பொழுதோட உங்கம்மாவை வரச் சொல்லுங்க.