மெத்தைக் கடை பேனரிலிருந்து என் பேத்தியை வெட்டி எடுத்தது குறித்து

என் முழுப் பெயரையும் கதவு எண்ணையும் காவல் ஆய்வாளர் மேலே எழுதிக்கொண்டார். தெருவில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, ஊசிக்காரர் வீடு என்றால் காட்டுவார்கள். வயது அறுபத்தெட்டு. மனைவி காலமாகிவிட்டாள். லாரிக்குத் தார்ப்பாய் தைப்பது தொழில். லாரிகள் நிற்கும் மைதானத்துக்கு எதிரே சொந்தப் பட்டறை இருக்கிறது, அதன் மாடியில் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடம் போனதில்லை, லாரிகளின் பின்பக்கம் எழுதியிருப்பதைப் பார்த்தே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவன். ஆகையால் இதை எழுதி முடித்ததும் யாரும் எனக்குப் படித்துக் காட்ட வேண்டியதில்லை, நானே படித்துக்கொள்வேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். யாருடைய தூண்டுதலும் இல்லாமல், தெளிந்த புத்தியோடு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து நான் சொல்வதாவது:

எனக்கு ஒரே மகள். அவள் கணவர், அதாவது என் மாப்பிள்ளை, கடைவீதி முனையில் உள்ள பெரிய மெத்தைக் கடையில் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறார். அந்தக் கடையின் முதலாளிதான் இப்போது என் மேல் புகார் கொடுத்திருப்பவர். மகளுக்குப் பெரிய மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் நல்லபடியாக நடந்தது. எடை சற்றுக் குறைவு என்பதால் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவதாக மருத்துவர் சொன்னார். அப்போது குழந்தைக்கு நோய் எதுவும் இல்லை. நன்றாகப் பால் குடித்தது. அழுதால் வராந்தாவின் கடைசி வரை கேட்டது. இதை முக்கியமாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பிரிவின் வாசலில் கை கழுவும் தொட்டி ஒன்று இருக்கிறது. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, அங்கே தரும் அங்கியை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். நானும் கழுவினேன். ஆனால் தொழில் காரணமாக என் விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் தார்க்கறை ஏறிப்போயிருக்கிறது. பெரிய சிஸ்டர் என்று எல்லோரும் கூப்பிடும் தலைமைச் செவிலியர் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, கோவிச்சுக்காதீங்க. இந்தக் கையோட உள்ள விட முடியாது. கண்ணாடி வழியா பாத்துக்குங்க" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, அவர் சொன்னது நியாயம். வீட்டுக்குப் போய் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும், உப்புத்தாளால் உரசியும் கறை போகவில்லை, தோல்தான் போனது. அதன் பிறகு கண்ணாடி வழியாகவே பார்த்து வந்தேன். இன்று வரை அந்தக் குழந்தையை நான் தொட்டதில்லை.

அதன் பிறகு, அந்தப் பிரிவின் தொட்டில்களுக்குப் புது மெத்தைகளை முதலாளி நன்கொடையாகக் கொடுக்கிறார் என்று மாப்பிள்ளை சொன்னார். மெத்தைகள் நல்ல மெத்தைகள்தான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். மெத்தைகளோடு முதலாளியும், அவர் தம்பியும், கடை மேலாளரும், படம் எடுப்பவர்களும், மருத்துவமனை நிர்வாக அதிகாரியும் கும்பலாக வந்தார்கள். பெரிய சிஸ்டர் தொட்டியைக் காட்டி, எல்லோரும் கை கழுவ வேண்டும் என்றார். அதற்கு முதலாளி, "என்ன சிஸ்டர், நான் என்ன குப்பை அள்ளிட்டா வரேன்? கார்ல இருந்து எறங்கி நேரா வரேன்" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நிர்வாக அதிகாரி சிஸ்டருக்குக் கண் ஜாடை காட்டியதும் அவர் ஒதுங்கிக்கொண்டார். ஒருவரும் கை கழுவவில்லை, ஷூவைக் கழற்றவில்லை.

அதன் பிறகு படத்துக்கு ஒரு குழந்தை வேண்டும் என்று கேட்டார்கள். மற்ற பெற்றோர் யாரும் பிடி கொடுக்கவில்லை. முதலாளி என் மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டு, "நம்ம கடைப் பையன் புள்ள இருக்கும்போது ஊரான் புள்ள எதுக்கு?" என்றார். மாப்பிள்ளை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு தலையை ஆட்டிவிட்டார். இப்போதுதான் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறது என்று மட்டும் மகள் சொன்னாள். முதலாளி குழந்தையைத் தூக்கி, சுற்றியிருந்த துணியை விலக்கினார். தம்பி வாங்கிப் பார்த்தார். மேலாளர் வாங்கிக் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்தார். குழந்தை கண்ணைத் திறக்கவில்லை என்று உள்ளங்காலில் சுண்டினார்கள். அது வீறிட்டு அழுதது. உடனே முதலாளி தன் ஆள்காட்டி விரலைக் குழந்தையின் வாயில் வைத்துச் சப்பக் கொடுத்தார். அழுகை நின்றது. அந்த நேரத்தில்தான் படம் எடுத்தார்கள். இது யாரோ சொல்லிக் கேட்டது இல்லை, என் இரண்டு கண்ணாலும் பார்த்தது.

அதன் பிறகு இரண்டொரு நாளில் குழந்தை பால் சப்புவதை நிறுத்திவிட்டது. நோய்த்தொற்று என்றால் உடம்பு கொதிக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இதற்கு உடம்பு சில்லிட்டுப் போயிற்று. இவ்வளவு சிறிய குழந்தைக்கு அப்படியும் காட்டும் என்று குழந்தை மருத்துவர் சொன்னார். மூச்சுக்கு மூச்சு முனகியது. அழுகை வராந்தாவுக்குக் கேட்கவில்லை, கண்ணாடியில் காதை வைத்தாலும் கேட்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள், முதுகில் ஊசியைச் செலுத்தி நீர் எடுத்தார்கள், ரத்தத்தில் கிருமி கலந்திருக்கிறது என்றார்கள். கையில் நரம்பு கிடைக்காமல் போகவே, தலையில் ஒரு பக்கம் முடியை மழித்து அங்கே ஊசி ஏற்றினார்கள். வாழ்நாள் முழுவதும் ஊசியோடு புழங்கியவன் நான். அந்த ஊசியை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. மகள் பாலைப் பிழிந்து கிண்ணத்தில் கொடுப்பாள், அது மூக்குக் குழாய் வழியாக உள்ளே போகும். சில வேளைகளில் இப்போது வேண்டாம் என்று கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவள் அதைக் கொண்டுபோய்க் குழாயடியில் ஊற்றிவிட்டு, கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்காருவாள்.

குழந்தை மருத்துவரிடம், அன்றைக்கு வாயில் விரல் வைத்ததால்தானே இப்படி ஆயிற்று என்று கேட்டேன். "அப்படின்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாதுங்க ஐயா. பிறக்கும்போதே அம்மாகிட்ட இருந்து வந்திருக்கலாம், எங்க ஆளுங்க கையால கூட வந்திருக்கலாம். ஆனா அன்னைக்கு அந்தக் கூட்டத்த உள்ள விட்டிருக்கவே கூடாது" என்றார். அவர் சொன்னதில் எனக்குச் சாதகமில்லாததையும் மறைக்காமல் பதிய வைக்கிறேன். அந்த மருத்துவர் அம்மா படித்தவர், உறுதியில்லாததை உறுதி என்று சொல்ல மாட்டார். எனக்கு உறுதி.

குழந்தை இப்படிக் கிடக்கும்போதே, மருத்துவமனைக்குப் போகும் வழியில் நாற்சந்தியில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பேனர் கட்டினார்கள். முதலாளி சிரித்துக்கொண்டு நிற்கிறார், கையில் என் பேத்தி, அதன் வாயில் அவர் விரல். கீழே "பிறந்த நாள் முதல் நிம்மதியான உறக்கம்" என்று கடை பெயரோடு எழுதியிருந்தது. போகும்போதும் வரும்போதும் அதன் அடியில்தான் நடந்தேன். குழந்தை தேறும் வரையாவது அதை இறக்கி வைக்கக் கூடாதா என்று மாப்பிள்ளை மேலாளரிடம் கேட்டதற்கு, முதலாளியின் மனம் சங்கடப்படும் என்று பதில் வந்தது. முதலாளி ஒரு நாளும் குழந்தையைப் பார்க்க வரவில்லை. ஓட்டுநரிடம் ஒரு பழக்கூடை கொடுத்தனுப்பினார். அதை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கே பேனரைக் கிழித்திருக்கலாம். ஆனால் குழந்தை மருத்துவமனைக் கட்டடத்துக்குள் கிடக்கிறது, அங்கே இருக்கும் அதிகாரி முதலாளிக்கு வேண்டியவர். ஆகவே வாயை மூடிக்கொண்டேன். கடை மேலாளர் எதிரே வந்தபோது வணக்கம்கூட வைத்தேன். அந்த வணக்கத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். குழந்தை கண் விழித்து, தானாகப் பால் குடித்து, மறுபடி வராந்தாவுக்குக் கேட்கும்படி அழுது, மருத்துவர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லும் வரை காத்திருந்தேன். கொஞ்ச நாளைக்கு வெளியாட்கள் யாரும் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். குழந்தை மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, பட்டறையிலிருந்து பெரிய ஏணியையும், தார்ப்பாய் வெட்டும் கத்தியையும், ஒட்டுப் பசையையும் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நாற்சந்திக்குப் போனேன்.

வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் ஏணியில் ஏறினேன். ஒளிந்து செய்கிற காரியம் இல்லை. போக்குவரத்துக் காவலர் ஒருவர் என்னைப் பேனர் கட்டுகிற ஆள் என்று நினைத்து, "விழுந்து கிழுந்து வைக்காதீங்க பெரியவரே" என்று சொல்லி ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவர் எப்படி இருப்பார் என்று ஆய்வாளர் கேட்டார். மேலே இருந்து பார்த்ததில் தொப்பி மட்டும்தான் தெரிந்தது.

குழந்தையை மட்டும் வெட்டி எடுத்தேன். முதலாளியின் முகத்திலோ கையிலோ கத்தி படவில்லை. வெட்டிய ஓரத்தை அப்படியே விட்டால் காற்றில் கிழிந்து, பேனர் முழுவதும் போய்விடும். ஆகவே ஓரத்தைச் சுற்றிலும் மடித்துப் பசை போட்டு ஒட்டினேன். புயல் அடித்தாலும் அது கிழியாது. ஒன்றுமில்லாத ஓட்டையை ஏந்திக்கொண்டு, அதற்குள் விரலை நீட்டிக்கொண்டு, அவர் ஊருக்கு முன்னால் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு நேரம் பிடித்தது.

அதன் பிறகு வெட்டி எடுத்ததைச் சுருட்டிக்கொண்டு மெத்தைக் கடைக்குப் போய், முன்வாசலில் காட்சிக்குப் போட்டிருந்த மெத்தையின் மேல் விரித்து வைத்தேன். வாடிக்கையாளர்கள் கூடினார்கள். வயிற்றில் பிள்ளையோடு வந்த ஒரு பெண் இது என்னவென்று கேட்டாள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் தன் கணவரைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து, அதை எடுத்து எறியச் சொல்லி வேலையாட்களை விரட்டினார். ஒருவரும் கிட்டே வரவில்லை. அவரே எடுக்கக் குனிந்தபோது நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன்: "முதலாளி, கையக் கழுவிட்டு எடுங்க."

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். எல்லோரும் பார்த்தார்கள். என் ஆயுளில் அப்படி ஒரு நிறைவு எனக்குக் கிடைத்ததில்லை. இதையும் எழுதச் சொன்னேன், இது வழக்குக்கு வேண்டாம் என்று ஆய்வாளர் சொன்னார், நான் வேண்டும் என்றேன். முதலாளி கடைக் காவலாளியைக் கூப்பிட்டு என்னைப் பிடித்து உட்கார வைத்து, அதன் பிறகு காவல் நிலையத்துக்குப் புகார் சொன்னார்.

நிலையத்தில் முதலாளியின் தம்பி வந்து ஒரு சமாதானம் சொன்னார். அதாவது, நான் வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுக்க வேண்டும். குழந்தை இப்போது நலமாக இருப்பதால், இன்று மாலையே அதைக் கடைக்குக் கொண்டுவந்து முதலாளி கையில் கொடுத்து இன்னொரு படம் எடுக்க வேண்டும். பழைய பேனர் இருந்த இடத்தில் அதைக் கட்டிவிடுவார்கள், புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள், மாப்பிள்ளையின் வேலையும் நிலைக்கும். இல்லாவிட்டால் அவர் நாளை முதல் வர வேண்டியதில்லை. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, செய்தி கேட்டு வந்து என் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார். நான் சிறைக்குப் போவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனால் குழந்தைக்குத் தகப்பன் அவர். அவர் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டால் நான் தடுக்க முடியாது.

அந்த நேரத்தில் மகள் அவருக்குத் தொலைபேசியில் பேசினாள். சத்தமாக வைத்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "கடையில இருந்து கார் வந்து வாசல்ல நிக்குதுங்க. புள்ளையத் தூக்கிட்டு ஏறச் சொல்றாங்க. என்ன செய்ய?" என்றாள்.

மாப்பிள்ளை முதலாளியின் தம்பியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "கதவச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டு உள்ள இரு. நான் வர்ற வரைக்கும் யாருக்கும் தொறக்காத" என்றார். பிறகு எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, என்னருகே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். டீ நன்றாக இருந்தது.

ஆய்வாளர் நல்ல மனிதர். எனக்கு உதவி செய்வதாக நினைத்து, பேத்தியின் நோயால் மனம் கலங்கி, ஆத்திரத்தில் இன்னது செய்கிறோம் என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். அந்த வரியை அடிக்கச் சொன்னேன். "பெரியவரே, இது உங்க நல்லதுக்குத்தான்" என்றார். என் மனம் கலங்கவில்லை. இன்னது செய்கிறேன் என்று தெரிந்து, நாள் பார்த்து, கத்தியைத் தீட்டிக்கொண்டு போய்ச் செய்தேன். ஆத்திரத்தில் வெட்டுகிறவன் ஓரம் மடித்து ஒட்ட மாட்டான். என் பேத்தியின் படத்தை அவர் இன்னொரு முறை எங்கே கட்டினாலும் அங்கேயும் ஏணி போடுவேன். கத்தியை நீங்கள் கைப்பற்றிக்கொண்டீர்கள். பட்டறையில் வேறு இருக்கிறது.

ஆய்வாளர் அந்த வரியை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். மேலே கண்டதை எழுத்து எழுத்தாக நானே படித்துப் பார்த்தேன். அத்தனையும் நான் சொன்னது, அத்தனையும் நடந்தது. நான் வருந்தியதாக ஒரு வரியும் இதில் எந்த இடத்திலும் இல்லை என்பதை இரண்டாம் முறையும் படித்து உறுதி செய்துகொண்ட பிறகே இதன் கீழ் என் கையொப்பத்தை இடுகிறேன்.

(ஒப்பம்)
ஊசிக்காரர்