கை இறங்கிய நேரம்

பூரணி: அண்ணனை என்கூட அனுப்பிவிடுங்கப்பா.

வீரபத்திரன்: அந்தப் பேச்சை இந்த லயத்து வீட்டுக்குள்ள எடுக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?

பூரணி: சொன்னீங்க. மூணு தடவை. இப்பவும் எடுக்கிறேன். நோட்டன் பிரிட்ஜ் பள்ளிக்கூடத்துல வேலையோட வீடும் குடுத்திருக்காங்க. கூப்பிடு தூரத்துல டாக்டர்.

வீரபத்திரன்: பெத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்... பாருங்க இப்றாஹிம் நானா, டீச்சரானதும் வாய் எப்படி நீளுதுன்னு.

இப்றாஹிம்: என்னய ஏன் இழுக்கிறீங்க வாத்தியாரே? சீத்தைத் துணி வித்த அலுப்புல ஒரு பிளேன்டீ குடிக்க வந்தவன் நான்.

வீரபத்திரன்: நுவரெலியாவுல அடிபட்டு வந்ததுல இருந்து அழகனைக் கண்ணுல வச்சுப் பாக்கிறது யாரு? தெனம் காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்கு முன்னாடி கம்பைக் கையில குடுத்து நிக்க வைக்கிறேன். நரம்பு தானா திரும்பும்.

பூரணி: தேத்தண்ணிக் கோப்பையே கையில நிக்க மாட்டேங்குது. கம்பு விழுந்து விழுந்து கால் நகமெல்லாம் கறுத்துப் போச்சு. பாத்தீங்களா?

வீரபத்திரன்: பாக்ஸிங்கால வந்த கேடு. கம்புதான் சரி பண்ணும்.

இப்றாஹிம்: ஆரம்பிச்சிட்டாரு கம்பு வாத்தியாரு!

வீரபத்திரன்: இல்லையா பின்ன? கம்பு வீச்சுக்குள்ள எந்த பாக்ஸிங்காரன் வருவான்?

இப்றாஹிம்: வரமாட்டான். ஆனா பாக்ஸிங் கயித்துக்குள்ள கம்பைக் குடுக்கலையே! கம்பளைப் பக்கம் அங்கம்பொர சண்டை பழகின சிங்கள ஆள் ஒருத்தரு... நரம்பைப் பாத்து ஒரு தட்டுதான். கை செத்துப் போகும். அதுக்கு மேல வித்தை இல்ல.

வீரபத்திரன்: கிட்ட வந்தாத்தானே தட்டுவாரு?

இப்றாஹிம்: சரி, குஸ்திக்காரன் வந்து இடுப்பைப் புடிச்சா?

வீரபத்திரன்: குனியிறதுக்குள்ள முட்டி பேந்திரும்.

பூரணி: இத்தனை வித்தை தெரிஞ்ச தோட்டத்துல, கங்காணி, தேயிலை மலையில வச்சு கொழுந்து பறிக்கிற ராக்காயி அக்காவை அடிச்சாரே... அன்னைக்கு எந்த வித்தைப்பா வந்துச்சு?

இப்றாஹிம்: மகள், அது வேற...

பூரணி: வேற இல்ல நானா. கம்பு திருவிழாவுக்கு, பாக்ஸிங் தொரைமாருக்கு. நமக்கு அடி மட்டும்.

வீரபத்திரன்: அதுக்குத்தான்டி அவனை மேடை ஏத்துனேன்! 'உங்க கம்பு ஆட்டம் பொம்பளைங்க கும்மி'ன்னு தொரையோட மச்சான் சிரிச்சான். நுவரெலியா சீசன் பாக்ஸிங்ல அவனுக்கு எதிரா என் பிள்ளையை நிறுத்துனேன். கம்புக்காரன் கால் வைப்பு அது... ரெண்டு ரவுண்டு, அவனால தொட முடிஞ்சுதா?

இப்றாஹிம்: தொடல. நானும் பாத்தேனே. மூணாவது ரவுண்டுல அழகன் அந்த மச்சான் தாடையில வச்சான் ஒண்ணு... தொரைமாரே எழும்பி நின்னாங்க. அப்புறம் அழகன் ஏன் கையை இறக்கி அடி வாங்கினான்? அதுதான் இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.

வீரபத்திரன்: வெள்ளைக்காரன் ஏமாத்திட்டான்.

பூரணி: எப்படிப்பா ஏமாத்துனான்?

வீரபத்திரன்: ஏமாத்திட்டான்னா ஏமாத்திட்டான்! அழகா... டேய் அழகா! பீலியில இவ்வளவு நேரமா குளிக்கிறான்?

பூரணி: அண்ணன் பீலியில இல்ல. பக்கத்து வீட்டு மீனம்மாக்காகூட சந்தியில நிக்குது, துணி மூட்டையோட. உங்க வாயால அனுப்புவீங்களான்னு கேக்கத்தான் வந்தேன்.

வீரபத்திரன்: பூரணி... அவனை நான்தான் சரி பண்ணணும். வேற யாரும் பண்ணக் கூடாது.

பூரணி: ஏம்ப்பா?

வீரபத்திரன்: கம்பு நுனி எதிராளி மேல பட்டா 'பொட்டு'ம்போம். அந்த சத்தம் கேட்டதும் ஆட்டம் நிக்கணும். கையை இறக்கிக் கும்புடணும். அஞ்சு வயசுல இருந்து அவனுக்கு அதுதான் பழக்கம்... அன்னைக்கு அந்தக் குத்து தாடையில விழுந்ததும், கயித்துக்கு வெளிய நின்ன நான்... சந்தோசத்துல...

இப்றாஹிம்: யா அல்லா... வாத்தியாரே.

வீரபத்திரன்: 'பொட்டு!'ன்னு கத்திட்டேன் நானா. என் குரலுக்குத்தான் கையை இறக்கினான்.

பூரணி: தெரியும்ப்பா. ஆஸ்பத்திரியில கண்ணைத் தொறந்ததும் அண்ணன் சொன்ன மொதப் பேச்சே அதுதான். 'அப்பா கத்துனது என் காதுல விழலன்னே அவரு நெனைச்சுக்கட்டும்'னு என்கிட்ட சத்தியம் வாங்கிச்சு... நான் வர்றேன், ஹட்டன் பஸ் வந்துரும்.