ஆட்சி நிக்குமா, கவுந்துடுமா

— அவங்க ஊரு பட்ஜெட்டு பாஸானா என்ன, ஆவாட்டி என்ன மாமா? ஒங்க ரேசன் கார்டுல சக்கரை கூடவா போட்டுடப் போறான்?

— அது கெடக்கட்டும் மச்சான். நீ விசயம் தெரியாமப் பேசுற. பாகிஸ்தான்ல இப்ப கூட்டணியில ஒரு கட்சி முறுக்கிக்கிட்டு நிக்குது. அது கைய ஒதறிச்சுன்னு வையி, ஆட்சி அம்போ.

— கேட்டியா தம்பி? இதத்தான் காலையிலேருந்து கேட்டுக்கிட்டுக் கெடக்கேன். கட்டுன பொண்டாட்டி வார்டு மெம்பருக்கு நிக்கிறா. நோட்டீசு வூட்டுல கட்டுகட்டாக் கெடக்கு. இந்த மனுசன் முந்திரிக் கொல்லையில வந்து நின்னுக்கிட்டு எவன் முறுக்குறான், எவன் ஒதறுறான்னு போன்ல பாத்துக்கிட்டு இருக்காரு.

— அக்கா, நீ செத்த இரு. மாமா, நான் செந்துறையிலேருந்து பஸ்ஸப் புடிச்சு ஓடியாந்தது நோட்டீசு குடுக்க இல்ல. அக்காவ எதுத்து நிக்கிறாளே செங்கமலம், அவ புருசன் ஆளுங்க டீக்கடையில பேசிக்கிறாங்க. ‘வேட்பாளர் வூட்டுக்காரன் பாகிஸ்தான்காரனோட போன்ல பேசுறான், இந்தியில பேசுறான், போலீசுல மனு குடுக்கப் போறோம்’னு.

— இந்தி இல்ல, உருது.

— ரொம்ப முக்கியம்.

— நான் பேசுனத யாரு பாத்தது?

— பாக்க வேற வேணுமா? இங்க நின்னுக்கிட்டு ‘அச்சா பாய், அச்சா பாய்’னு நீங்க கத்துறது, பக்கத்துக் கொல்லையில கொட்டை பொறுக்குற பொம்பளைங்க காதுல பூரா விழுந்திருக்கு.

— வூட்டுல டவரு கெடைக்கல மச்சான்.

— கேட்டியா தம்பி? எங்கிட்ட மோட்டாரப் பாத்துட்டு வரேன்னு சொல்லிட்டு வருவாரு. அந்த மோட்டாரு பொங்கலுக்கு முந்தியே காயில் எரிஞ்சு கெடக்கு. நானும் நம்பிக்கிட்டு இருந்திருக்கேன் பாரு.

— எனக்கு ஒண்ணும் புரியலையே. மாமா, நெசமாவே பாகிஸ்தான்காரன்கூடப் பேசுறீங்களா?

— பேசுறேன். யாகூப்னு பேரு. லாகூர்க்காரரு, தங்கமான மனுசன்.

— நீங்க சவுதியில லாரி ஓட்டுனப்ப இருந்த கூட்டாளியா?

— இல்ல. நேர்ல பாத்ததுகூடக் கெடையாது.

— நேர்ல பாக்காத ஆளோட என்ன மாமா பேச்சு?

— அவங்க ஊரு அரசியல்தான். வேற என்ன பேசுறது?

— தங்கமாவே இருந்துட்டுப் போவட்டும் மாமா. அந்த நம்பர இப்ப எங்கண்ணு முன்னாடி அழிச்சிடுங்க.

— அது முடியாது.

— ஏங்க, எலெக்சன்ல நான் தோத்தாத் தோத்துட்டுப் போறேன். நாளைக்குப் போலீசு வாசல்ல வந்து நின்னா நாலு பேரு மூஞ்சில எப்படி முழிக்கிறது?

— நான் என்ன குண்டா வச்சேன்? ஊரே பாக்குறதத்தான் நானும் பாக்குறேன். டீக்கடையில போயி ஒக்காந்து பாரு. நம்ம ஏரியத் தூர் வாரி எத்தினி வருசமாச்சுன்னு கேளு, ஒருத்தனுக்கும் தெரியாது. பாகிஸ்தான்ல கோதுமை மாவு என்ன வெல விக்குது, அவங்க மிலிட்டரி யாருகிட்ட கோவிச்சுக்கிச்சு, எல்லாம் விரல் நுனியில வச்சிருப்பான்.

— அது ஏன்னுதான் எனக்கும் புரியலையே மாமா. நமக்கு ஆவாதவன் வூட்டுச் சண்டைய நாம ஏன் இப்படி எட்டி எட்டிப் பாக்குறோம்?

— நம்ம ஊரு அரசியலப் பேசினா அடிதடியில முடியும். அவங்க ஊரு அரசியலப் பேசினா யாரு சட்டையும் கிழியாது. அதான்.

— சட்டை கிழியிறதப் பத்தி நீங்க பேசாதீங்க.

— சிந்தாமணி.

— என்ன சிந்தாமணி? போன எம்.பி. எலெக்சன்ல, பெத்த புள்ள மாத்துக் கட்சிக் கொடியப் புடிச்சான்னு, செந்துறை பஸ் ஸ்டாண்டுல அத்தினி சனம் பாக்க அவன் சட்டையக் கிழிச்சு, செவுட்டுல ஒண்ணு விட்டது யாரு? அன்னிக்குப் போனவன்தானே. சார்ஜாவுல போயிக் கெடக்குறான்.

— அவன் பேச்ச இந்த வூட்டுல எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.

— இது வூடு இல்ல, கொல்லை.

— அக்கா, ரஞ்சித் கதைய அப்புறம் வச்சுக்குவோம். மாமா, போனக் குடுங்க. நானே அழிச்சிடுறேன்.

— கைய எடு மச்சான்.

— குடுங்கங்கிறேன்ல.

— எடுறா கைய. அந்த நம்பரு போச்சுன்னா எம் புள்ள போயிடுவான் எனக்கு.

— என்ன மாமா சொல்றீங்க?

— யாகூப்பு, நம்ம ரஞ்சித்தோட ரூமுல இருக்கவரு. ரெண்டு பேரும் ஒரே கம்பெனி.

— ஏங்க…

— போன வருசம் அவன் போனு ஒடைஞ்சு போயி, யாகூப்பு போன்லேருந்து ஒனக்குப் பண்ணான்ல. அந்த நம்பர ஒம் போன்லேருந்து எடுத்துக்கிட்டேன். நீ மாட்டுக் கொட்டாயில நின்னு அவன்கூடப் பேசுறது எனக்குத் தெரியாதாக்கும்?

— தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல? புள்ள எப்படி இருக்கான்னு எங்கிட்ட கேட்டா ஒங்க மீசை எறங்கிடுமா?

— எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்கச் சொல்ற? பேச்சே எடுக்கக் கூடாதுன்னு சொன்னவன் நான்தானே.

— சரி மாமா, அவன்கிட்டயே நேரா பேசியிருக்கலாமே.

— பேசத்தான் போட்டேன் மச்சான். யாகூப்புதான் எடுத்தாரு. ‘ரஞ்சித் இருக்கானா’ன்னு கேக்கணும், அதுக்குள்ள நாக்கு ஒட்டிக்கிச்சு. அவன் வாங்கிட்டு, அப்பன்னு தெரிஞ்சதும் பட்டுனு வச்சிட்டான்னா? அத எப்படித் தாங்குறது? அந்த நேரம் டி.வி.யில பாகிஸ்தான் நியூசு ஓடிக்கிட்டு இருந்துச்சு. வாயில வந்ததக் கேட்டுட்டேன். ‘என்ன பாய், ஒங்க ஊரு ஆட்சி நிக்குமா, கவுந்துடுமா’ன்னு.

— அடக் கடவுளே. அதுக்கு அவரு?

— முக்கா மணி நேரம் பேசினாரு. அவருக்கும் பேச்சுத் தொணைக்கு ஆளில்ல போல. அதுலேருந்து வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிச்சிட்டுக் கூப்புடுவாரு. நான் என்னத்தப் பேசுறது? அதுக்குத்தான் வாரம் பூரா நியூசு பாத்து வச்சிக்கிறேன்.

— நீங்க யாருன்னு அந்த ஆளுக்குத் தெரியுமா?

— தெரியாது. திருச்சிப் பக்கம், வைரக்கண்ணு, பழைய டிரைவருன்னு சொல்லி வச்சிருக்கேன்.

— எனக்கு ஒண்ணும் புரியலையே. இதுல ரஞ்சித் எங்கேருந்து வர்றான்?

— வருவான் மச்சான். அவ்வளவு நேரம் லாகூர்க் கதை கேட்டா, நடுவுல ஒரு வரி வருவான். ‘எங்க ரூமு மதராசிப் பையன் இன்னிக்கு மீன் கொழம்பு வச்சான்’பாரு. ‘பையனுக்கு நைட் சிப்டு’பாரு. ஒருநா, பையனுக்குக் காய்ச்சல், எந்திரிக்கவே இல்லன்னாரு. மாத்திரை போட்டானா, கஞ்சி குடிச்சானான்னு நான் கேட்டா சந்தேகம் வந்துடுமே. அவரு போன வச்சிடக் கூடாதுன்னு, ஒங்க கோர்ட்டு என்ன சொல்லிச்சு, ஒங்க கவர்னரு என்ன சொன்னாருன்னு கேட்டுக்கிட்டே நின்னேன். கடைசியிலதான் சொன்னாரு, இப்ப வேர்த்து விட்டுடுச்சுன்னு.

— அந்தக் காய்ச்சல எங்கிட்ட அவன் சொல்லவே இல்லியே.

— நீ அழுவன்னு சொல்லியிருக்க மாட்டான்.

— சரி மாமா, அந்த யாகூப்பு யோசிக்க மாட்டாரா, இந்தத் திருச்சிக்காரன் ஏன் நம்ம ஊரு ஆட்சியப் போட்டு இப்படி நோண்டுறான்னு?

— அவங்களும் நம்மள மாதிரிதான் மச்சான், அவங்களுக்கும் நம்ம ஊரு கதைன்னா உசுரு. கொஞ்ச நாளா அவருதான் என்னைக் கேக்குறாரு. ‘ஒங்க பக்கம் பஞ்சாயத்து எலெக்சனாமே, பொம்பளைங்க வார்டுல கடும் போட்டியாமே’ங்கிறாரு. தண்ணிக்குழாய் சின்னம் தேறுமான்னு கேக்குறாரு. லாகூர்க்காரனுக்கு நம்ம அரசியல் மேல இம்புட்டு ஆசையான்னு நானே அசந்துட்டேன்.

— தண்ணிக்குழாயா? அது அக்கா சின்னமாச்சே.

— சுத்துப்பட்டுல எத்தினி வார்டுல தண்ணிக்குழாய் நிக்குது. போன வெள்ளிக்கிழமைகூட, ‘அந்தம்மா முட்டி வீக்கத்தோட மேட்டுத் தெருவு பூரா ஏறி எறங்குறாங்களாமே, வூட்டு ஆம்பளை கூடப் போவ மாட்டாரா’ன்னு கேட்டாரு. பேப்பர்ல கீப்பர்ல வந்திருக்கும்போலன்னு, ‘போவாரு பாய், போவாரு’ன்னு சொல்லி வச்சேன்.

— ஏங்க, என்ன சொன்னாரு? திருப்பிச் சொல்லுங்க.

— முட்டி வீக்கத்தோட மேட்டுத் தெரு…

— எனக்கு முட்டி வீங்கியிருக்கறது ஒங்களுக்குத் தெரியுமா?

— ஒனக்கா? எப்பலேருந்து?

— கேட்டியா தம்பி? கூடவே கெடக்குற மனுசனுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஓட்டுக் கேக்கப் போவ விட மாட்டாருன்னு தைலத்தக்கூட ஒளிச்சு வச்சித்தான் தேய்க்கிறேன். ஒரே ஒருத்தன்கிட்டதான் சொன்னேன்.

— யாருகிட்டக்கா?

— மாட்டுக் கொட்டாயில நின்னு நான் வேற யாருகிட்டடா பேசுறேன்?

— அப்ப லாகூர்க்காரரு கேக்கல. கேக்கச் சொன்னது…

— இரு மச்சான், இரு. எனக்குத் தலை சுத்துது. நான்தான்னு அவனுக்கு எப்படித் தெரியும்? நான் பேரக்கூட மாத்தித்தானே சொன்னேன்.

— நீங்க பேசுற பேச்சு இந்தக் கொல்லைக்கே கேக்குது, அந்த ஒத்த ரூமுக்குக் கேக்காதா? அப்பங்காரன் கொரலு புள்ளைக்குத் தெரியாமப் போயிடுமா?

— அப்ப அந்தக் காய்ச்சலு, மீன் கொழம்பு… எல்லாம் அவன் எங்கிட்ட சொல்லச் சொன்னதா? எதுத்தாப்புல ஒக்காந்து கேட்டுக்கிட்டேவா இருந்தான்?

— மாமா, போனு அடிக்குது. இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே. செங்கமலம் புருசன் மனு குடுத்தா குடுத்துட்டுப் போறான். எடுங்க.

— என்னத்தப் பேசுவேன் மச்சான்? இப்பப் போயி என்னன்னு ஆரம்பிக்கிறது?

— எப்பவும் பேசுறாப்புலயே பேசுங்க. கட்டாயிடப் போவுது, எடுங்க.

— ஹலோ… சலாம் பாய்… ஹலோ…

— என்ன மாமா, லைன் கெடைக்கலியா?

— கெடைக்குது.

— பின்ன ஏன் இப்படி நிக்கிறீங்க? என்ன கேக்குறாரு?

— ‘ஒங்க ஊரு ஆட்சி நிக்குமா, கவுந்துடுமா’ன்னு.

— வழக்கமாப் பேசுறதுதானே. அதுக்கு ஏங்க கண்ணு கலங்குது? பதில் சொல்லுங்க அவருக்கு.

— தமிழ்ல கேக்குறான் சிந்தாமணி.