வாய் திறக்கும் ஞாயிறு

நாடகம் பார்க்க வருகிறவர்கள் கையில் டீ வந்த பிறகுதான் உண்மை பேசுவார்கள், மேடம். அதற்கு முன்னால் கைதட்டுவார்கள், அது மரியாதைக்கு. குன்னூர்க் குளிரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்து, சூடான கிளாஸ் கைக்கு வந்து, வர்க்கி பிஸ்கட்டை அதில் நனைக்கும்போது வாயிலிருந்து என்ன வருகிறதோ அதுதான் கருத்து. எங்கள் குழுவில் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போகிறவன் நான். உங்களுக்கும் ஒரு டீ ஊற்றட்டுமா என்றுதான் இப்போதுகூட வாய் வருகிறது.

நீங்கள் இந்த ஊருக்குப் புதிது என்பதால் எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பஜாரில் பிரஸ் வைத்திருக்கும் வேலாமணி அண்ணன்தான் எங்கள் குழுவை நடத்துகிறார். ஏப்ரல், மே மாத ஞாயிறுகளில் சர்ச் ஹாலை வாடகைக்கு எடுத்து ஒரே நாடகத்தைப் போடுவோம். மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்துவிட வேண்டும். இருட்டினால் எஸ்டேட் ரோட்டில் காட்டெருமை நிற்கும். நாடகம் முடிந்து பஸ் வருகிறவரை சனம் ஹாலிலேயேதான் இருக்கும், அப்போதுதான் என் டீ.

அந்த அரை மணி நேரத்தில் நீலகிரியில் நடக்கிற எல்லா நாடகமும் அலசப்படும். ஊட்டிக் குழுவின் சிரிப்பு நாடகத்தில் நீதிபதியின் விக் நழுவி மேஜையில் விழுந்தது, கூடலூர்க்காரர்களின் கதாநாயகன் வசனத்தை உள்ளங்கையில் எழுதி வைத்து வேர்வையில் அழிந்துபோய் முழித்தது, இன்னொரு குழுவில் அப்பாவாக நடிப்பவருக்கும் மகளாக நடிப்பவளுக்கும் பேச்சுவார்த்தையே இல்லாதது. எல்லாம் என் காதில் விழும். டீ ஊற்றுகிறவனை யாரும் ஆளாக நினைப்பதில்லை, அதனால் தாராளமாகப் பேசுவார்கள்.

ஆனால் நடிகர்கள் காதில் ஒரு சொல் விழக்கூடாது. அது வேலாமணி அண்ணனின் சட்டம். ஒரு வருடம் எங்கள் கதாநாயகனை ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடியதில், மூன்றாவது வாரமே அவன் தலைகால் புரியாமல் நடித்து நாடகத்தையே கெடுத்துவிட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அண்ணன் மேடையில் வந்து கும்பிட்டுச் சொல்வார்: "ஏனுங்க, கடைசி ஞாயித்துக்கிழமை வரைக்கும் நடிக்கறவங்ககிட்ட நல்லதும் சொல்ல வேண்டாமுங்க, கெட்டதும் சொல்ல வேண்டாமுங்க." சனத்துக்கு இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. மார்க்கெட்டில் நடிகரைப் பார்த்தால் உதட்டைக் கடித்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். குழு ஆட்கள் ஃபோனில் நாடகப் பேச்சு எதையும் பார்ப்பதில்லை. கடைசி ஞாயிறு நாடகம் முடிந்ததும் நடிகர்கள் கீழே இறங்கி வருவார்கள், அன்றைக்கு யார் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அதற்குப் பெயரே வாய் திறக்கும் ஞாயிறு.

அதுவரை கருத்து போகிற வழி ஒன்றுதான். டீ கொடுத்து முடித்து, காலிக் கெட்டிலோடு நான் பின்பக்கம் போய், சனம் சொன்னதில் எது தேவையோ அதை அளவாகச் சொல்வேன். வேலாமணி அண்ணன் என்னை நம்பினார். எல்லோரும் நம்பினார்கள்.

கெஸியா என் மனைவி. தொடக்கப் பள்ளியில் டீச்சர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் தேயிலைத் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறேன். நாங்கள் இருக்கும் எஸ்டேட் லைனில் முன்பு எல்லா வீட்டு அடுப்பிலும் புகை வரும். இப்போது பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. என் அண்ணன் திருப்பூருக்குப் போனான். அம்மா அவனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். மலையிலிருந்து இறங்கியவர்கள் யாரும் திரும்பி ஏறி வந்து நான் பார்த்ததில்லை, மேடம். மிஞ்சியவள் கெஸியா ஒருத்திதான். அவள் பள்ளி விட்டு வரக் கொஞ்சம் தாமதமானாலே நான் அடுப்புக்கும் வாசலுக்குமாக நடப்பேன். வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும்.

இந்த வருடம் 'கல்மேட்டு மூக்கம்மா' என்ற நாடகம். திருட்டுப் பட்டம் கட்டப்பட்ட ஒரு எஸ்டேட் பெண், கடைசியில் பாறை மேல் ஏறி நின்று நியாயம் கேட்டுவிட்டுக் குதித்துவிடுவாள். மூக்கம்மா வேஷம் கெஸியாவுக்கு. அதற்கு முன்னால் அவள் நடித்ததே இல்லை. பலகையும் சாக்கும் வைத்துப் பாறையைச் செய்தவன் நான். அவள் குதிக்கிற இடத்தில் காய்ந்த புல் அடைத்த மூட்டைகளை அடுக்குவதும் என் வேலை.

முதல் ஞாயிறு நான் கெட்டிலோடு போனபோது ஹாலில் பேச்சே இல்லை. அழுது முடித்தவர்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "இந்தப் புள்ள இங்க இருக்க வேண்டியவளே இல்லீங்க. கீழ எங்கியாச்சும் போயிருந்தா இன்னேரம் எங்கியோ இருப்பா."

பின்பக்கம் போனேன். கெஸியா முகத்துப் பவுடரைக்கூடத் துடைக்காமல் காத்திருந்தாள்.

"ஏனுங்க, என்ன பேசிக்கிட்டாங்க?"

"குதிக்கறப்ப சிரிச்சாங்க கெஸியா. விழுந்த சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது," என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு எனக்கு ஒரு நிம்மதி வந்தது, அதை மறைக்க மாட்டேன். இரண்டு வாரத்தில் சோர்ந்து விட்டுவிடுவாள், ஸ்கூல் திறந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

அவள் விடவில்லை. திங்கட்கிழமை காய்கறி வாங்கப் போனவள் திரும்பி வந்து பையைக் கீழே வைக்காமலே அழுதாள். கடைக்கார வேலாயி அக்கா அவளைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரித்தாளாம். "சொல்றதுக்குக்கூட மனசில்லாம சிரிக்கறாங்களுங்க," என்றாள். வேலாயி அக்கா அந்த நாடகத்தை இரண்டாம் தடவை பார்க்க டிக்கெட் சொல்லி வைத்திருந்தாள். எனக்குத் தெரியும். பேசக்கூடாது என்ற சட்டத்தை ஊரே சிரித்துக்கொண்டு காப்பாற்றியது. அந்தச் சிரிப்பெல்லாம் கெஸியாவுக்கு நான் சொன்னதற்குச் சாட்சியாகிவிட்டது. நான் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இரவு பகலாக ஒத்திகை பார்த்தாள். அடுத்த வாரம் இன்னும் நன்றாக நடித்தாள். நான் வந்து, பாறை குட்டையாக இருக்கிறதாம், திண்ணையிலிருந்து இறங்குவதுபோல இருக்கிறதாம் என்றேன். "அப்ப ஒசரமாக்கிடுங்க. அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்," என்றாள். ஒரு பலகை ஏற்றினேன். கூட்டம் பிதுங்கியது, சிரிக்கத்தான் வருகிறார்கள் என்று அவள் நினைத்தாள். அதற்கடுத்த வாரம், குதிக்கும் முன் நீ மூட்டையைத் தேடிக் கீழே பார்ப்பது தெரிகிறதாம் என்றேன். உண்மையில் அன்று ஒரு ஆள் கூடலூரிலிருந்து ஜீப்பில் வந்து, மலையாளமும் தமிழுமாகச் சொல்லிச் சொல்லி அழுதார். கெஸியா பாறையிடம் போய் அண்ணாந்து பார்த்தாள். பிறகு சனத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக விழுகிறேன் என்றாள்.

"பின்னால பார்க்க முடியாதே, பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

"மூட்டையெல்லாம் சரியா இருந்துதுன்னா நீங்க பலகையில ரெண்டு தட்டு தட்டுங்க. எனக்கு அது போதும்."

அப்படித்தான் அந்தக் காட்சி உருவானது. ஊட்டிக் குழுவே வேனில் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒன்று சொல்வேன் மேடம், தப்பாக நினைக்க வேண்டாம். நான் உள்ளதைச் சொல்லியிருந்தால் அவள் முதல் வாரம் நடித்ததையே நடித்துக்கொண்டிருந்திருப்பாள். அவளை அந்த அளவுக்கு நடிகையாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு.

கடைசிக்கு முந்தின ஞாயிறு, மூன்றாம் வரிசையில் ஒரு புது முகம். சுஜாதா என்று பெயர், கோயம்புத்தூரில் நாடகக் குழு வைத்திருக்கிறார். டீயை வாங்கிக்கொண்டு, நான் யார் என்று தெரியாமலே சொன்னார்: "ஏனுங்க, மூக்கம்மாவா நடிக்கிறவங்கள நாங்க கூட்டிட்டுப் போகப் போறோமுங்க. ஒரு வருஷம் ஊர் ஊரா நாடகம் போடப் போறோம். உங்க சட்டப்படி இப்பப் பேசக்கூடாதாமே. அடுத்த வாரம் வாய் திறக்கற அன்னிக்கு வந்து கேட்டுக்கறேன்." என்னிடம் இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

அந்த வாரம் நான் சாப்பிட்டதாக நினைவில்லை. அடுத்த ஞாயிறு கெஸியா கீழே இறங்கி வருவாள், ஊரே அவள் கையைப் பிடித்துக்கொள்ளும். நான் சொன்னது முழுக்கப் பொய் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதோடு போய்விடுவாள். வேலாமணி அண்ணனிடம் போய், நாடகம் அலுத்துவிட்டது, கடைசிக் காட்சியை ரத்து செய்துவிடலாம் என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கெஸியாவிடம், காய்ச்சல் என்று சொல்லிவிடு, உன் இடத்தில் நம் குழுவில் இருக்கும் ஆன்சி நடிக்கட்டும் என்று கெஞ்சினேன். காலைக்கூடப் பிடித்தேன். அவள் என் தலையைத் தடவி, "கடைசியா ஒருக்காவாச்சும் சனத்தச் சிரிக்காம வெக்கணுமுங்க. அப்புறம் நாடகமே வேண்டாம், ஊட்டோட இருந்துக்கறேன்," என்றாள்.

வீட்டோடு இருந்துகொள்கிறேன் என்றாள், மேடம். அவள் வாயாலேயே சொன்னாள். ஆனால் வாய் திறக்கும் ஞாயிறு முடிந்தால் அந்தப் பேச்சு நிற்காது. அதுதான் எனக்கிருந்த சிக்கல்.

நான் கேட்டது ஒரு கால்தான். கணுக்கால் பிசகினால்கூடப் போதும். சுஜாதாவின் வண்டி போய்விடும், கெஸியா கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருப்பாள், நான் கஞ்சி வைத்துக் கொடுப்பேன். இதைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை. பின்பக்கமாக விழுகிறவளுக்குக் காலா முதலில் படும் என்று நீங்கள் கேட்பீர்கள். அதையும் நினைக்கவில்லை.

முதலில் உங்கள் ஆட்களிடம், மூட்டைகள் தானாகச் சரிந்திருக்கும் என்றேன். பிறகு நீங்கள் ஆறுக்குட்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டீர்கள். பாவம், அவன் திரை இழுக்கிறவன். அன்று மேடையின் மறுபக்கத்துக் கயிற்றில் நின்றான், பாறைக்குப் பின்னால் வரவே இல்லை. அவனை அனுப்பிவிடுங்கள். கெஸியா நியாயம் கேட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது மூட்டைகளை ஒவ்வொன்றாகச் சுவர் ஓரத்துக்கு நான்தான் இழுத்தேன். அவள் குரலில் அந்தச் சத்தம் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாகப் பேசினாள்.

வசனம் முடிந்தது. அவள் சனத்தைப் பார்த்தபடி நின்றாள். நான் தட்டாமல் இருந்திருக்கலாம். தட்டாவிட்டால் அவள் குதித்திருக்க மாட்டாள். நான் பலகையில் இரண்டு தட்டு தட்டினேன்.

சனம் எழுந்து நின்று கைதட்டியது. வெகு நேரம் தட்டினார்கள். அவள் இறங்கி வருவாள் என்று எல்லோரும் மேடைக்குக் கீழே வந்து நின்றுவிட்டார்கள். வேலாயி அக்கா பூ வாங்கி வைத்திருந்தாள். பாறைக்குப் பின்னால் கெஸியா சிமெண்டுத் தரையில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. குனிந்தேன்.

"ஏனுங்க, இன்னிக்குமா சிரிச்சாங்க?"

"இல்ல கெஸியா. இன்னிக்கு யாரும் சிரிக்கல."

அந்த நாடகத்தைப் பற்றி நான் அவளிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ போடுகிறேன். பதிலுக்கு எனக்கு ஒன்றே ஒன்று செய்ய வேண்டும். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் வேலாயி அக்காவும் வேலாமணி அண்ணனும் அவளைப் பார்க்கக் காத்திருக்கிறார்களாம், அந்த சுஜாதாவும் வந்திருக்கிறாராம். டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார், முதுகுத்தண்டு போய்விட்டது, இடுப்புக்குக் கீழே இனி அசையாது, ஆயுசுக்கும் படுக்கைதான் என்று. அது பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் அவர்கள் யாரையும் உள்ளே விடாதீர்கள், மேடம். சனம் அவளைப் பற்றி என்ன பேசியது என்று அவளுக்குத் தெரியவே கூடாது. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

தெரிந்தால் எழுந்து போய்விடுவாள்.